பின்சீட்டில் பாரம்

காலையில் வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. யாரோ கனத்த ஆள் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்ததுபோல, இடப்பக்கப் பின்சக்கரத்தின் மேல் அமுங்கிக் கிடந்தது. டோருன் கண்ணாடியில் முகத்தை ஒட்டி உள்ளே பார்த்தாள். வெள்ளைத் தோல் இருக்கைகள். யாருமில்லை.

வடதுருவத்தை ஒட்டிய செஞ்யா தீவின் மீன் ஆலையில் அவள் மேற்பார்வையாளர். விவாகரத்துக்குப் பிறகு, முன்னாள் கணவன் பார்த்து வயிறெரிய வேண்டும் என்றே இந்தப் பழைய சொகுசு வண்டியை வாங்கியிருந்தாள்.

பட்டறைக்காரர் ஒட்வார் குனிந்து பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"காத்துப் பை போச்சு. இதுல ஸ்பிரிங் கிடையாது, காத்துதான் வண்டியத் தாங்குது. வாங்குறப்போ சல்லிசாத்தான் இருக்கும், அப்புறம் கொஞ்சங் கொஞ்சமா ஆளைத் தின்னும். ஊருக்குப் படம் காட்டணும்னா அனுபவிக்க வேண்டியதுதான்!"

புதுப் பை போட்டார். மறுநாளும் சாய்ந்தது. காற்றடிக்கும் பம்பை மாற்றினார். அப்போதும் சாய்ந்தது. அவளுடைய ஒரு மாதச் சம்பளம் கரைந்தபோது ஒட்வாரின் கிண்டலும் நின்றுபோயிருந்தது. வண்டியை லிஃப்டில் தூக்கி வெகுநேரம் அடியில் நின்றவர், வெளியே வந்து, அவள் முகத்தைப் பார்க்காமல் சாவியை நீட்டினார்.

"வண்டியில ஒரு கோளாறும் இல்ல. பாரம் இருக்கு, அதான் அமுங்குது."

"என்ன பாரம்? காலியாத்தானே இருக்கு?"

"இனிமே இங்க கொண்டுவராத."

கதவை இழுத்துச் சாத்திவிட்டார்.

விற்றவனிடமே விட்டுவிட வேண்டியதுதான் என்று கிளம்பினாள். சூரியனே எழாத டிசம்பர். நண்பகலிலும் மலைகளின் மேல் ஒரு நீலக் கறைதான் வெளிச்சம். ஹீட்டர் ஊதிய வெதுவெதுப்பான காற்றில் அழுகிய கடற்பாசியின் நாற்றம் வந்தது. தரைக்கு அடியில் அந்தப் புதுப் பம்பு ஓடி ஓய்ந்து, மறுபடி ஓடி, எதையோ தூக்க முடியாமல் மூச்சிரைத்துக்கொண்டிருந்தது. குகைப்பாதைக்குள் நுழைந்ததும் பம்பு நின்றது.

மூச்சிரைப்பு நிற்கவில்லை.

அது தரைக்கு அடியிலிருந்து வரவில்லை. பின்னாலிருந்து வந்தது. காதுக்கு அருகில். அவள் திரும்பவில்லை. கண்ணாடியிலும் பார்க்கவில்லை. சாலையை மட்டும் பார்த்தாள்.

விற்றவன் ஹால்கெய்ரின் வீட்டு முற்றத்தில் வண்டியை நிறுத்தி, சாவியை அதிலேயே விட்டு இறங்கினாள்.

"ஹால்கெய்ர்! இந்தா, உன் வண்டி! பணம்கூட வேண்டாம்!"

ஜன்னல் ஒரு விரற்கடை திறந்தது. "வித்தது வித்ததுதான். எடுத்துட்டுப் போடி!"

அப்போது அவளுக்குப் பின்னால் காற்று நீளமாகச் சீறியது. வண்டி மெல்ல எழும்பியது. நான்கு பக்கமும் சமமாக, புது வண்டிபோல் நிமிர்ந்து நின்றது. டோருனுக்குச் சிரிப்பே வந்துவிட்டது.

"பாரு! சரியாயிடுச்சு!"

ஹால்கெய்ர் வண்டியைப் பார்க்கவில்லை. அவளையும் பார்க்கவில்லை. அவள் தலைக்குச் சற்று மேலே பார்த்தான். அவன் உதடுகள் வெளுத்தன.

"கிட்ட வராத," என்றான். ஜன்னல் மூடியது. வீட்டு விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன.

அவள் சாலையை நோக்கி நடந்தாள். டிராக்டர் ஏறியும் தடம் விழாத, கல்லாக இறுகிய பனி. முதல் அடியில் அது விரிசல் விட்டது. இரண்டாவதில் உடைந்தது. மூன்றாவதில் முழங்கால்வரை இறங்கினாள்.

முதுகு வளைந்தது. மூச்சு முட்டியது.

இரு தோள்களிலிருந்தும் முன்பக்கமாக, மார்பின் மேல், கடல்நீர் சொட்டத் தொடங்கியது.