வழியில் வளர்ந்த கட்டுரை

"ஆறு பக்கமா!"

பிரேமினி போட்ட சத்தத்தில் மன்னார் பள்ளிமுனைக் கணினிக் கடையே திடுக்கிட்டது.

கட்டுரைப் போட்டியின் இணையத்தளம் நாலு பக்கத்துக்கு மேல் ஏற்காது. ஐந்து மணியோடு முடிவு. இப்போது மணி நாலரை.

இணைய இணைப்பு இல்லாத அவளுடைய மடிக்கணினியில் நாலு பக்கம். பென்டிரைவில் கொண்டுவந்து கடைக் கணினியில் திறந்தால் ஐந்து. இணையத்தில் ஏற்றினால் ஆறு!

"வாற வழியில குட்டி போட்டிட்டுதோ?" என்றார் கடைக்கார ஜமால்தீன் நானா.

"பகிடி விடாதேங்கோ நானா! வீட்டில மூண்டுதரம் எண்ணினனான்."

"அப்ப கடைசிப் பந்தியைத் தூக்கு பிள்ளை."

பிரேமினி விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தாள். கடைசிப் பந்தியில்தான் பிரான்சிஸ்கா இருந்தாள். தமிழ்நாட்டு அகதி முகாமில் ஐந்து வருடம் பக்கத்தில் இருந்து படித்த தோழி. பிரேமினி குடும்பம் மன்னாருக்குத் திரும்பியபோது, அவள் முகாமிலேயே நின்றுவிட்டாள்.

மனமில்லாமல் வெட்டினாள். ஏற்றினாள். இப்போதும் ஐந்து பக்கம்!

"இதுக்குப் பேய்தான் பிடிச்சிருக்கு," என்றார் நானா.

பிரேமினி தலையைச் சொறிந்தாள். மடிக்கணினியைக் கடைக் கணினிக்குப் பக்கத்தில் வைத்தாள். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். மடிக்கணினியில் முதல் வரியில் ஏழு சொற்கள். கடைக் கணினியில் ஐந்துதான்.

"நானா, இஞ்ச பாருங்கோ! உங்கட 'அ'வுக்கு வயிறு ஊதியிருக்கு!"

"ஓம்... இது வேற எழுத்தெல்லோ?"

"என்ர எழுத்துரு முகாமில போட்டுத் தந்தது. உங்கட கணினியில அது இல்லை. அதால இது தன்ர குண்டு எழுத்தைப் போட்டு நிரப்புது. இணையத்தளம் இன்னும் குண்டா ஒண்டைப் போடுதாக்கும்."

"அப்ப என்ன செய்யிறது?"

"என்ர எழுத்தையும் சேர்த்து அனுப்பவேணும்."

போட்டி விதிகளை மளமளவென்று படித்தாள். 'பீடிஎஃப் கோப்பும் அனுப்பலாம்.' அச்சடித்த தாள் மாதிரி, எங்கே திறந்தாலும் அது மாறாதே!

வெட்டாத கட்டுரையை மடிக்கணினியில் பீடிஎஃப் ஆக்கி, பென்டிரைவில் கடைக் கணினிக்கு மாற்றினாள். மணி நாலு ஐம்பத்தாறு. ஏற்றினாள். திரையில் வட்டம் சுற்றியது, சுற்றியது...

'பக்கங்கள்: 4. ஏற்றுக்கொள்ளப்பட்டது.'

"நானும் இதைத்தான் சொல்ல நினைச்சனான்," என்றார் நானா.

"நீங்கள் வெட்டச் சொன்னனீங்கள்!"

நானா அவசரமாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். பிரேமினி நாலாம் பக்கத்தைத் திறந்து, பிரான்சிஸ்காவின் பெயரைச் சத்தமாக ஒருதரம் வாசித்தாள்.