ஒரு குறையும் இல்லை

"நீங்க கோர்ட்டுக்கு வந்து, உங்க புள்ளைக்குப் புத்தி சரியில்லைன்னு சொல்லணும் அத்தை."

அந்த வீட்டில் எடுக்கவே கூடாது என்று தடுத்து வைத்திருந்த பேச்சு அது. இரண்டு வருஷமாக ரேணுகாம்பாள் அதை விழுங்கிக்கொண்டுதான் இருந்தாள். இன்று காலை, மாமியார் பச்சையம்மாள் உலை ஏற்றிக்கொண்டிருந்தபோது, கேட்டேவிட்டாள்.

பச்சையம்மாள் அடுப்பை விட்டுத் திரும்பவில்லை. "வெள்ளிக்கிழமை கீழ்பென்னாத்தூர்லேருந்து பாஞ்சாலையைப் பொண்ணு பாக்க வர்றாங்க. பைத்தியக்காரன் தங்கச்சின்னு தெரிஞ்சா எவன்டி கட்டுவான்? அதுவும் பெத்தவளே கூண்டுல ஏறிச் சொன்னா..."

"பைத்தியம்னு யார் சொன்னா? மண்டையில அடிபட்டிருக்குன்னு சொல்லுங்கன்றேன்."

"நீ பி.ஏ. படிச்சவ. உனக்கு ரெண்டும் வேற. ஊருக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

ரேணுகாம்பாளின் புருஷன் தருமன் பம்புசெட் மெக்கானிக். கிணற்று மேட்டில் நின்று, மோட்டார் ஓடுகிற சத்தத்தை வைத்தே எது தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவான். எண்பத்தொன்று ஐப்பசியில், செங்கம் ரோட்டில் பின்னால் வந்த தனியார் பஸ் ஒன்று அவன் சைக்கிளை அடித்துத் தள்ளியது. வேலூர் ஆஸ்பத்திரியில் பத்தொன்பது நாள் கழித்துக் கண் திறந்தான். திறந்தவனுக்குப் பெண்டாட்டி பேர் தெரியவில்லை. பசி தெரியவில்லை. சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு ரமணாசிரமத்துப் பக்கம் போய் மரத்தடியில் உட்கார்ந்தானென்றால் பொழுது சாயும்வரை அசையமாட்டான்.

வேறு ஊராக இருந்தால் கல்லெடுத்து அடித்திருப்பார்கள். இது திருவண்ணாமலை. காலில் விழுந்தார்கள். முதலில் பூக்காரி ஒருத்தி மாலை போட்டாள். அப்புறம் வெளியூர்க்காரர்கள், அப்புறம் வெள்ளைக்காரர்கள். மௌனசாமி என்று பெயரும் வைத்தாயிற்று. பச்சையம்மாளும் அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டாள். மகன் கெட்டுப்போனான் என்பதைவிட, அண்ணாமலையார் எடுத்துக்கொண்டார் என்பது சொல்வதற்கு லேசாக இருந்தது.

அதை மோப்பம் பிடித்துத்தான் பஸ் முதலாளியின் ஆள் தட்டு நிறையப் பழத்தோடு வந்தான். தருமன் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். "சாமிக்கு ஏதாச்சும் குறை இருக்குதாம்மா?" என்று பவ்யமாகக் கேட்டான். "என் புள்ளைக்கு இன்னா குறை? ஒரு குறையும் இல்ல" என்றாள் பச்சையம்மாள் பூரித்துப்போய். அதையே எழுதி நீட்டினான். ரேகை வைத்தாள். ரேணுகாம்பாள் அப்போது மாத்திரை வாங்க வேலூர் போயிருந்தாள்.

நஷ்டஈட்டு வழக்கில் அந்தக் காகிதம்தான் இப்போது எதிர்த்தரப்பின் ஆயுதம். ரேணுகாம்பாளின் வக்கீல் சக்கரவர்த்தி ஒளிக்காமல் சொல்லிவிட்டார். "கை காலு போயிருந்தா ஜட்ஜ் கண்ணால பாத்துப்பார்மா. இது உள்ள இருக்கற காயம். ஆஸ்பத்திரி சீட்டைக் காட்டினா, அது அப்போ, இப்போ குணமாயிடுச்சுன்னு சொல்வாங்க. பெத்த தாயே ஒரு குறையும் இல்லைன்னு ரேகை வெச்சிருக்காங்க. அவங்களே வந்து மாத்திச் சொல்லணும். இல்லைன்னா உன் வாய் ஒண்ணுதான் சாட்சி."

விசாரணை இன்றைக்கு. பத்தரை மணிக்கு.

"பணம் வந்தா எடுத்துக்கினு உங்கம்மா வூட்டுக்குப் போவே. அதுக்குத்தானே இந்த ஆட்டம்?" என்றாள் பச்சையம்மாள்.

"போறவளா இருந்தா அப்பவே போயிருப்பேன். டீச்சர் டிரெய்னிங்குக்கு வந்த சீட்டை விட்டுட்டு இங்க பீத்துணி அலசிக்கினு இருக்கேன். வலிப்பு மாத்திரை ஆயுசுக்கும் குடுக்கணும்னு டாக்டர் சொன்னாரே, உங்க காதுல விழலியா? பக்கத்துல ஒரு ஆளும் ஆயுசுக்கும் வேணும். நாளைக்கு நாம ரெண்டு பேரும் இல்லைன்னா யார் பாப்பாங்க? கால்ல விழறவங்களா?"

பச்சையம்மாள் பதில் சொல்வதற்குள் வாசலில் ஆள் குரல் கேட்டது. விழுப்புரத்திலிருந்து வந்திருந்த ஓர் அம்மாள் நேராகக் கூடத்துக்குள் நுழைந்து, சுவரோரம் உட்கார்ந்திருந்த தருமன் முன்னால் விழுந்து எழுந்தாள். வழக்கம்தானே என்று யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் ஏதோ தீய்கிற வாடை. பச்சையம்மாள் அடுப்பைப் பார்த்தாள். அடுப்பில் ஒன்றும் தீயவில்லை.

கூடத்துக்கு ஓடினாள். தருமனின் உள்ளங்கையில் அந்த அம்மாள் ஏற்றிவைத்த சூடம் எரிந்துகொண்டிருந்தது. அவன் கையை இழுத்துக்கொள்ளவில்லை. சுடரையே பார்த்துக்கொண்டிருந்தான். "நெசமாவே சாமிக்குச் சுடவே இல்ல பாருங்க" என்று அந்த அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

பச்சையம்மாள் அதைத் தட்டிவிட்டாள். உள்ளங்கைத் தோல் சுருண்டு போயிருந்தது.

"கை வேவுது, பாத்துக்கினு கும்பிடறியே, நீயும் புள்ள பெத்தவதானே... அவன் சாமி இல்லம்மா. பஸ்ஸுக்காரன் மண்டையை ஒடைச்சிட்டான். சுடுதுன்னு சொல்லக்கூடத் தெரியாதும்மா என் புள்ளைக்கு... புத்தி இல்லம்மா அவனுக்கு..."

தெருவுக்கே கேட்டது. அந்த அம்மாள் விபூதிப் பையை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று வெளியேறினாள்.

ரேணுகாம்பாள் செம்புத் தண்ணீரை அவன் கையில் ஊற்றினாள். பச்சையம்மாள் அவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"எனக்கு மொத நாளே தெரியும் ரேணு. சாமின்னு சொன்னப்போ கொஞ்சம் மூச்சு விட முடிஞ்சுது... அவ்ளோதான். உன்னைப் போயி பணத்தாசைக்காரின்னு சொன்னேனே..."

இரண்டு வருஷத்தில் முதல்முறையாக ரேணுகாம்பாளும் அழுதாள். அழுகை ஓய்ந்ததும் மெதுவாகக் கேட்டாள். "இதையே அங்க வந்து சொல்லுங்க அத்தை."

தோளைப் பிடித்திருந்த கை தளர்ந்தது. "வூட்டுல சொல்றது வேற. அங்க சத்தியம் பண்ணிட்டு... என் வாய்க்கு வராதுடி. நீ படிச்சவ, நீயே சொல்லிடேன்."

"நான் சொன்னா என்ன கேப்பாங்க தெரியுமா? புருஷன்கூடப் படுக்கறியா, அவருக்கு அது தெரியுதான்னு கேப்பாங்க."

"ஐயோ... அத்தினி ஆம்பளைங்க முன்னாலயா?"

"ஆமா. கேட்டா ஒண்ணுவிடாம சொல்றேன்னு வக்கீல்கிட்ட போன வாரமே சொல்லிட்டேன். நீங்க சொல்லிட்டா அந்தக் கேள்விக்கு அவசியம் வராது. அதனாலதான் உங்களைக் கேட்டேன்."

பச்சையம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

உள்ளேயிருந்து பாஞ்சாலை வந்தாள். கையில் அண்ணனின் வெள்ளைச் சட்டை. வெந்த கை உரசாமல் மாட்டிவிட்டு ஒவ்வொரு பித்தானாகப் போட்டாள். "கீழ்பென்னாத்தூர்க்காரங்க வந்தா நானே சொல்லிக்கறேன் அண்ணி. நேரமாவுது, நீங்க கிளம்புங்க."

ரேணுகாம்பாள் புருஷனின் இன்னொரு கையைப் பிடித்து எழுப்பினாள். மாமியார் எழுந்து வருகிறாளா என்று திரும்பிப் பார்க்கவில்லை. யார் வந்தாலும் வராவிட்டாலும் அவள் சொல்லப்போவது ஒன்றுதான். படியிறங்கி, அவன் நடைக்குத் தன் நடையைக் குறைத்துக்கொண்டு, கோர்ட்டுப் பக்கம் நடந்தாள்.