பாட்டன் ஊசி

அன்று சிகிச்சை அறையில் இருந்தவர்கள்: புதுக்கரை நகர்மன்றத் தலைவர் செண்பகராமன், நோயெதிர்ப்பியலாளர் அங்கயற்கண்ணி, ஊசி போடும் இயந்திரம் ஒன்று, தலைவரின் இடது நுரையீரலில் புதிதாக முளைத்த மூன்று புற்றுக்கட்டிகள்.

கட்டிகளைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. செவ்வாயில் அது முடி வெட்டிக்கொள்வது போன்ற விஷயம். காற்று மெலிந்த அந்தக் கிரகத்தில் விண்கதிர்கள் தடையில்லாமல் இறங்குகின்றன. உடம்பில் எங்கேயாவது ஓர் உயிரணு கெட்டுப்போய்ப் பெருகத் தொடங்குகிறது. மாதம் ஒருமுறை வந்து படுத்து, ஊசி போட்டுக்கொண்டு எழுந்து போய்விடலாம். பாறைக் குகைக்குள் இருந்த உள்நகரத்தில் அப்படித்தான். மேலே மெல்லிய கூரைக்குக் கீழே இருந்த வெளிநகரத்தில் ஊசி கிடையாது. அங்கே கட்டி வந்தவர்கள் செத்துப்போனார்கள். அதுவும் எல்லோருக்கும் பழகியிருந்தது.

"மூணுதானா?" செண்பகராமன் திரையைப் பார்த்தார். "போன மாசம் என் மச்சானுக்கு ஏழு. என்னமோ பட்டம் வாங்கின மாதிரி சொல்லிட்டுத் திரியறான்."

"அசையாம படுங்க."

"உங்க முகமே சரியில்லையே டாக்டர்."

"ஊசி போடறது மெஷின்தானே. என் முகம் எப்படியிருந்தா என்ன?"

அவர் சிரித்தார். ஊசி இறங்கியது.

அந்த ஊசியை உண்டாக்க அங்கயற்கண்ணிக்கு வாழ்க்கையில் பாதி செலவாகியிருந்தது. உடம்பின் ஒவ்வோர் அணுவும் தன் மேல் ஓர் அடையாளத்தை வைத்திருக்கிறது. 'நான் உன்னைச் சேர்ந்தவன்' என்பதே அதன் பொருள். ரத்தத்தில் சுற்றும் காவல் அணுக்கள் அதைத் தடவிப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடும். புற்றணு செய்யும் தந்திரம், அதே அடையாளத்தை அள்ளிப் பூசிக்கொள்வதுதான். காவலன் ஏமாந்து வழிவிடுவான். அந்தப் போலி அடையாளத்தின் மேல் போய் ஒட்டி அதை மூடிவிடும் எதிர்ப்புரதம் ஒன்று வேண்டும். அடையாளம் மறைந்தால் காவல் அணுக்கள் மீதியைப் பார்த்துக்கொள்ளும். சொல்லச் சுலபம். அவர் செய்துபார்த்த எதிர்ப்புரதங்களில் சில வேலையே செய்யவில்லை. சில, நல்ல அணுக்களின் அடையாளத்தையும் மூடிவிட்டன. அந்த நோயாளிகளை அவர்களுடைய காவல் அணுக்களே தின்றன. அப்படிச் செத்தவர்களின் முகங்கள் அவருக்கு ஞாபகம் இருந்தன. அதனால் யாருக்கும் பயனில்லை.

கடைசியில் வெளிநகரத்து வெல்டர் ஒருவரின் ரத்தத்தில் அது கிடைத்தது. பெயர் கொம்பையா. எலும்பில் புற்று வந்து, வைத்தியமே இல்லாமல் பிழைத்து வேலைக்குத் திரும்பியிருந்தார். அவருடைய உடம்பே சரியான எதிர்ப்புரதத்தைச் செய்துகொண்டிருந்தது. அங்கயற்கண்ணி ஒரு குப்பி ரத்தம் எடுத்து, அதைச் சுரக்கும் அணுக்களைப் பிரித்து, கொப்பரையில் வளர்த்தார்.

முதல் ஊசி செண்பகராமனின் தாயாருக்கு. அந்த அம்மாள் கையை நீட்டாமல் போர்வைக்குள் வைத்துக்கொண்டு, புதுக்கரையில் எல்லோரும் எல்லோரிடமும் கேட்கும் கேள்வியைக் கேட்டார்.

"எந்தக் கப்பல் ரத்தம்?"

மனிதர்கள் செவ்வாய்க்கு ஆறு கப்பல்களில் வந்திருந்தார்கள். முதல் கப்பலில் வந்தவர்களின் வாரிசுகள் உள்நகரத்தில் இருந்தார்கள். ஆறாம் கப்பல்காரர்கள் வெளிநகரத்தில் கூரை ஒட்டிக்கொண்டிருந்தார்கள். கொம்பையா ஆறாம் கப்பல். உண்மையைச் சொன்னால் அந்தக் கை போர்வையை விட்டு வெளியே வராது. அங்கயற்கண்ணி ஊசியைப் பிடித்தபடி சொன்னார்: "முதல் கப்பல்தான்மா."

கை வெளியே வந்தது. அந்த அம்மாள் பிழைத்து, பிறகும் சில வருடங்கள் வாழ்ந்தார். உள்நகரம் முழுவதும் வரிசையில் நின்றது. முன்னோர் ரத்தத்தின் மகிமை என்று பேசினார்கள். பாட்டன் ஊசி என்று பெயர் வைத்தார்கள். பிறகு ஒரு சட்டமும் வந்தது: பாட்டன் ரத்தம் பாட்டனின் வாரிசுகளுக்கு மட்டும். உயிர்காக்கச் சொன்ன ஒரு பொய்க்கு வேலியும் காவலும் போட்டுவிட்டார்கள்.

இன்று காலை கொம்பையா உள்நகர வாசலுக்கு வந்திருந்தார். ஸ்ட்ரெச்சரில் அவருடைய மகள் இசக்கி. பதினேழு வயது, ஈரலில் கட்டி. ஸ்ட்ரெச்சரின் பின்பக்கத்தைப் பிடித்திருந்தவர் கூட வேலை பார்க்கும் மாடத்தி. மாடத்தியின் கணவருக்குத் தொண்டையில் கட்டி. அவர் எழுந்து நிற்கும் நிலையில் இல்லை.

"எம் மவ ரெண்டு நாளா கண்ணே தொறக்கல டாக்டரம்மா," என்றார் கொம்பையா கம்பிக்கு அந்தப் பக்கத்திலிருந்து. "எங்கிட்டதான ரத்தம் எடுத்திய? இப்பவும் எடுத்துக்கிடுங்க."

எடுத்துப் பயனில்லை. போன கதிர்ப்புயலில் கூரைமேல் இருந்ததில் அவருடைய மஜ்ஜை கருகிவிட்டது. அந்த எதிர்ப்புரதம் இப்போது கொம்பையாவின் உடம்பில் இல்லை. உள்நகரத்தில் எல்லோர் உடம்பிலும் இருந்தது.

செண்பகராமன் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தபோது அங்கயற்கண்ணி சொல்லிவிட்டார். சுற்றிவளைக்கவில்லை. அது யாருடைய ரத்தம், அவர் இப்போது எங்கே நிற்கிறார், எதற்காக நிற்கிறார்.

பொத்தான் போடுவது நின்றது.

"எங்க அம்மாவுக்குப் போட்டது?"

"அதுவும்தான்."

"என் பேரனுக்கு?"

"எல்லாருக்கும் ஒரே மருந்துதாங்க."

அவர் தன் முழங்கையை, ஊசி இறங்கிய இடத்தை, கொஞ்ச நேரம் பார்த்தார். துடைக்கப்போகிறவர் போல விரலைக் கொண்டுபோய், பிறகு எடுத்துக்கொண்டார்.

"கொப்பரையில வளர்க்கறதுதானே," என்றார் அங்கயற்கண்ணி. "எவ்வளவு வேணும்னாலும் வளரும். வெளிநகரம் பூராவுக்கும் போட்டாலும் உங்களுக்குக் குறையாது. சட்டத்தை எடுத்துடுங்க."

"குறையாதுன்னு எனக்கும் தெரியும் டாக்டர். பிரச்சினை அது இல்ல." அவர் எழுந்து கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்தார். "இது வேற யாருக்குத் தெரியும்?"

"இப்போதைக்கு உங்களுக்கு."

"சரி. நீங்க பொய் சொல்லல."

"சொன்னேன்."

"இல்ல. அந்த ஆள் முதல் கப்பல்தான். முதல் கப்பல்ல ஒரு வெல்டர் இல்லாமலா வந்திருப்பாங்க? அந்தக் குடும்பம் எப்படியோ வழிதவறி வெளியே போயிருச்சு. இப்ப நாம கண்டுபிடிச்சுட்டோம். நானே போய் மாலை போடறேன்."

"அவங்க அப்பா ஆறாம் கப்பல்ல சரக்கோட சரக்கா வந்தவர். அது கொம்பையாவுக்கே தெரியும்."

"டாக்டர், என் உடம்புல ஓடறது முதல் கப்பல் ரத்தம். எங்க அம்மா அந்த நம்பிக்கையிலதான் கண்ணை மூடினாங்க. அது மாறாது. மாற வேண்டியது அந்த ஆள்." பொத்தானைப் போட்டு முடித்தார். "பொண்ணைக் காப்பாத்தணுமா, வேண்டாமா?"

அங்கயற்கண்ணி வேறொன்றைக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

முதல் கப்பல்காரர்களுக்குச் சொல்லுரிமை என்று ஒன்று இருந்தது. ஒருவரைக் காட்டி 'இவர் நம்மவர்' என்று அவர்கள் சொன்னால் வாசல் இயந்திரம் மறுபேச்சில்லாமல் உள்ளே விடும். அப்படி வந்தவருக்கு வாரிசுக்குரிய எல்லாமும் உண்டு, ஊசி உட்பட. வெளிநகரத்தில் பெண் எடுத்தால் அழைத்துவருவதற்காக எழுதிய விதி. அங்கே யாரும் பெண் எடுக்கவில்லை. விதி அப்படியே கிடந்தது. மூன்றாம் கப்பல்காரரான அங்கயற்கண்ணிக்கு அந்த உரிமை கிடையாது. வேலை அனுமதியில் உள்ளே இருப்பவர் அவர். ஆனால் இன்னும் சற்று நேரத்தில் கொம்பையாவுக்கு அது இருக்கும். தலைவர் அதை யோசிக்கவில்லை.

அங்கயற்கண்ணி வாசலுக்கு ஓட்டமும் நடையுமாகப் போனார்.

கம்பியருகே குனிந்து எல்லாவற்றையும் சொன்னார். இனிமேல் யார் கேட்டாலும் முதல் கப்பல் என்று சொல்லவேண்டும். கொம்பையா முகத்தைச் சுளித்தார். பிறகு மகளைப் பார்த்தார்.

"சொல்லிருதேன்."

"இன்னொண்ணு. கதவு திறந்ததும் மெஷின் உங்களைக் கேட்கும், பின்னால இருக்கறவங்க நம்மவரான்னு. மாடத்தியைக் காட்டி ஆமான்னு சொல்லுங்க. அதோட முடிஞ்சுது. நாளைக்கு மாடத்தி வீட்டுக்காரரைச் சொல்லலாம். அப்புறம் ஒவ்வொருத்தரா எல்லாரையும் சொல்லலாம். யாரும் உங்களைத் தடுக்க முடியாது."

"எல்லாரையுமா?"

"எல்லாரையும்."

மாடத்தி பின்பக்கப் பிடியை மாற்றிப் பிடித்துக்கொண்டார். "எண்ணே, எங்க வீட்டுக்காரர மறந்திராத. ஒன் கூடத்தான் அவரும் கூரையேறினாரு."

"மறப்பனா? கோட்டி மாதிரி பேசாத."

செண்பகராமன் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். கையில் மாலையோடு வந்தார். செய்தி அதற்குள் பரவியிருந்தது. பாட்டன் வழி வாரிசைப் பார்க்க உள்நகரத்துக் குடும்பங்கள் கூடியிருந்தன. துவைத்த வெள்ளை உடைகள், தூசி படாத காலணிகள். வாசல் இயந்திரத்தில் கொம்பையாவின் பெயர் ஏறியது. கனமான கதவு பக்கவாட்டில் நகர்ந்தது.

ஸ்ட்ரெச்சரின் முன்பக்கத்தைப் பிடித்தபடி கொம்பையா வாசலின் எல்லைக்கோட்டைத் தாண்டினார். மாலை விழுந்தது. "பார்த்ததுமே தெரியுது, நம்ம ஜாடைதான்," என்றார் ஒரு பெரியவர். "அந்த நெத்தியைப் பாருங்க." யாரோ தோளைத் தொட்டார்கள். இத்தனை வருடங்களில் உள்நகரத்தார் ஒருவர் அவரைத் தொட்டது அதுதான் முதல்முறை. கொம்பையாவின் முதுகு நிமிர்ந்தது.

ஸ்ட்ரெச்சரின் முன்பாதி உள்ளே இருந்தது. பின்பாதி கோட்டுக்கு வெளியே, மாடத்தியின் கைகளில்.

இயந்திரம் கேட்டது: "பின்னால் நிற்பவர் நம்மவரா?"

அங்கயற்கண்ணி கொம்பையாவைப் பார்த்துத் தலையை மெல்ல அசைத்தார். கொம்பையா திரும்பினார். மாடத்தியின் பூட்ஸைப் பார்த்தார். செம்மண் அப்பிய, கூரைப் பசை காய்ந்த பூட்ஸ். அவருடைய பூட்ஸும் அப்படித்தான் இருந்தது. பிறகு சுற்றி நின்ற முகங்களைப் பார்த்தார். நெற்றியைப் பார்க்கச் சொன்ன பெரியவர் இன்னும் புன்னகைத்துக்கொண்டிருந்தார்.

"இல்ல," என்றார் கொம்பையா. பிறகு, யாரும் கேட்காமலே, "அவிய ஆறாம் கப்பலு."

மாடத்திக்கு உடனே புரியவில்லை. "எண்ணே," என்றார், பிடியை விடாமல். உள்ளிருந்து வந்த உதவி இயந்திரம் பின்பக்கப் பிடிகளை அவர் கைகளிலிருந்து வாங்கிக்கொண்டது. ஸ்ட்ரெச்சர் அலுங்காமல் உள்ளே வந்தது. இசக்கி கண்ணைத் திறக்கவில்லை. பிழைத்துவிடுவாள், அங்கயற்கண்ணியின் ஊசி தோற்காது.

"அந்தப் பொம்பளைகூட ரொம்பப் பழக்கமோ?" என்று கேட்டார் பெரியவர்.

"வேலை பார்த்த எடத்துல பாத்திருக்கேன்," என்றார் கொம்பையா. காலைத் தூக்கி, வாசல் மிதியடியில் பூட்ஸை அழுத்தித் தேய்த்தார்.

அவருக்குப் பின்னால் கதவு நகர்ந்து மூடியது. பூட்டு விழுந்தது.