திரையின் மூலையில் ஒருத்தி

இவனும் அதைத்தான் நினைக்கப் போகிறான்... நினைக்கட்டும். உள்ளே வருவான், திரையைப் பார்ப்பான், என்னைப் பார்ப்பான். பிறகு இன்னொரு தடவை திரையைப் பார்ப்பான். அந்த இரண்டாவது பார்வையில் எல்லாம் இருக்கும். புருசன் வீட்டிலிருந்து திரும்பி வந்தவள். தனி அறை, தனி கம்ப்யூட்டர். வேறு என்னத்தைப் பார்த்திருப்பாள்?

சொர்ணலட்சுமி எழுந்து மானிட்டரை அணைத்துவிட்டு உட்கார்ந்தாள். ரிப்பேர் பார்க்க வருகிறவனுக்கு அணைத்த திரையைக் காட்டி என்ன ஆகப்போகிறது என்று உடனே தோன்றியது. இருந்தாலும் அணைந்தே இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

வெளியே ஐப்பசி மழை. சிவகாசியில் பெய்கிற மழையை யாரும் ரசிப்பதில்லை. பட்டாசுக்காரர்களுக்கு அது நஷ்டம், அச்சகக்காரர்களுக்கு ஈரம் இழுத்துச் சுருளும் தாள். கீழ்த்தளத்தில் காலண்டர் சீசனுக்கு மிஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. மாடியில், பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் வரையும் இந்த அறையில், அவள் மட்டும். அண்ணன் சீனிவாசகம் தன் கம்பெனியில் அவளுக்குக் கொடுத்த இடம். வாழ்க்கையிலும் அவர் கொடுத்த இடம்தான்.

ஒரு மாதமாகத் திரையின் வலது மூலையில் ஒருத்தி எட்டிப் பார்க்கிறாள். உதட்டைக் கடித்துச் சிரிக்கிறாள். ‘உங்கள் ஊரில் தனிமையில் இருக்கும் பெண்கள்... பேச வேண்டுமா?’ மூடினால் இன்னொருத்தி வருகிறாள். விஸ்வநத்தத்துப் பட்டாசுக் கம்பெனி முதலாளி புதுச் சங்குசக்கரத்துக்கு லேபிள் பார்க்க வந்திருந்தபோதும் வந்தாள். பெரியவர் தலையைக் குனிந்துகொண்டு, காலியான டீ டம்ளரைக் குடித்தார்.

அன்று சாயங்காலம் அண்ணன் மனைவி ரோஜா மதினி வெங்காயம் உரித்தபடி சொன்னாள். “நாம எதைத் தேடுறோமோ அதுதான வருமாம்? அவுகதான் சொன்னாக...”

அவுக என்றால் அண்ணன்.

கதவு தட்டப்பட்டது. வந்தவன் முழுக்க நனைந்திருந்தான். தோளில் இருந்த பையை மட்டும் பிளாஸ்டிக் தாளால் பத்திரமாக மூடியிருந்தான்.

“சோலைமலை அண்ணன் கடையில இருந்து வர்றேன். பேரு காளீஸ்வரன்.”

“பைக்கு மட்டும்தான் மழை பெய்யுமா? தலைக்குப் பெய்யாதா?” தான்தான் கேட்டோமா என்று அவளுக்கே திகைப்பாக இருந்தது.

“தல நனைஞ்சா காஞ்சுரும்ங்க. லேப்டாப் நனைஞ்சா அண்ணன் என்னையக் காயப் போட்டுருவாரு.”

அவன் உட்கார்ந்தான். திரையைப் போட்டான். அடுத்து, அவள் பயந்துகொண்டிருந்த கேள்வியைக் கேட்டான்.

“இதுல என்னென்ன சைட்டு பார்ப்பீக?”

“நான் ஒண்ணும் பார்க்கல!” குரல் வெடித்தது. “என்னையப் பார்த்தா எப்படித் தெரியுது உங்களுக்கு?”

அவன் கை மவுஸின் மேலேயே நின்றுவிட்டது. “ஐயோ... இல்லங்க. படம் இறக்குற சைட்டு, ஃபான்ட் இறக்குற சைட்டு, அதத்தான் கேட்டேன். இந்த ஊருல பாதி வைரஸு பிள்ளையார் படத்தோட ஒட்டிக்கிட்டுத்தான் வருது. ஓசியில கெடைக்குதேன்னு எல்லாரும் எறக்குறாக...”

சரியாக அந்த நேரம் திரையின் மூலையில் அந்தப் பெண் வந்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டு... சிரித்துக்கொண்டு.

சொர்ணலட்சுமிக்குக் காது மடல் எரிந்தது. இப்போது பார்ப்பான்... அந்த இரண்டாவது பார்வை...

அவன் திரும்பவில்லை. இடது கையைத் தூக்கி, அந்த மூலையை உள்ளங்கையால் மூடிக்கொண்டான். வலது கையால் வேலையைத் தொடர்ந்தான். அவ்வளவுதான். அந்தக் கை அங்கேயே இருந்தது, வெகுநேரம். விரல் நுனிகளிலிருந்து மழைநீர் திரையில் மெல்ல இறங்கியது. அவள் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். யாரோ தன் மேல் ஒரு போர்வையைப் போர்த்தியது போல் இருந்தது.

போகும்போது, “எல்லாத்தையும் எடுத்தாச்சு. இனி வர மாட்டா” என்றான்.

ஆனால் வந்தாள்.

“என் மானமே போகுது மேடம்,” என்று இரண்டாவது தடவை வந்தவன் தலையில் கை வைத்தான். “இல்ல, மேடம்னு கூப்பிடவா, அக்கான்னு கூப்பிடவா?”

“ரெண்டும் வேணாம்.”

“அப்ப என்னன்னுதான் கூப்பிட?”

“கூப்பிடாமலே வேலையப் பாருங்க.”

“கூப்பிடலன்னா நீங்க திரும்ப மாட்டீகளே...”

அவள் திரும்பினாள். அவன் கண்கள் சிரிக்கவில்லை. கண்ணாடி ஜன்னலில் ஓடும் மழையைப் போல அவற்றில் ஏதோ ஓடிக்கொண்டிருந்தது. அவன்தான் முதலில் பார்வையை எடுத்தான். கடைக்குப் போன் போட்டு, எதெதையோ கேட்டு, எதெதையோ அழித்து, ரீஸ்டார்ட் செய்தான். திரை பளிச்சென்று வந்தது. “ஜெயிச்சாச்சு” என்று கையைத் தூக்கியபோது மூலையில் அவள் எட்டிப் பார்த்தாள்.

சொர்ணலட்சுமி சிரித்துவிட்டாள். சத்தமாக. அந்தச் சத்தம் தன்னுடையதா என்று பயந்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

அதற்குப் பிந்திய நாட்களில் அவள் தன்னை வெறுத்தாள். அந்தப் படம் வரக்கூடாது என்று வேண்டிக்கொண்டே, வந்துவிட்டதா என்று மூலையைப் பார்க்கிற மனதை என்ன செய்வது? அவமானத்தை எதிர்பார்த்து ஒருத்தி காத்திருப்பாளா? வந்தால் போன் செய்யலாம்... போன் செய்தால் அவன் வருவான். ஒருமுறை இதெல்லாம் முடிந்துபோன வாழ்க்கை. முடிந்ததை மூடி வைத்துவிட்டு லேபிள் வரைந்தால் போதும் என்றுதானே இங்கே வந்தது...

மூன்றாவது தடவை வந்தவன் நேராகத் திரைக்கு முன்னால் உட்கார்ந்தான். அண்ணன் வங்கிக்குப் போயிருந்த நேரம். வெகுநேரம் தேடினான். பிறகு நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினான்.

“உங்க மிஷின்ல இன்னொரு ஆள் இருக்காருங்க.”

“யாரு?”

“இதுல ஒரு உளவு புரோகிராம் போட்டிருக்கு. நீங்க என்ன செய்றீகன்னு அப்பப்போ திரையப் படம் எடுத்து அனுப்பும்.” தயங்கினான். “கீழ, அண்ணாச்சி ரூம் மிஷினுக்குப் போகுது. ஓசியில எறக்குன கள்ளச் சரக்கு. போன மாசம் அதப் புதுப்பிச்சப்போ இந்தப் பொம்பளயும் அதுகூட ஒட்டிக்கிட்டு வந்தவதான். நான் இவள வெரட்டுறேன், அது திரும்பக் கூட்டியாருது. ரெண்டு தடவ வந்தும் எனக்கு இது தட்டுப்படல.”

“லேபிள் டிசைன் வெளிய போயிரும்னு அண்ணனுக்கு எப்பவும் பயம் உண்டு...” அவள் அவசரமாகச் சொன்னாள். “இந்த ஊருல அது நடக்குறதுதான. அதுக்காகப் போட்டிருப்பாக. எல்லா மிஷின்லயும் இருக்கும்.”

“கீழ ரெண்டு கம்ப்யூட்டரையும் பார்த்துட்டுத்தான் வந்தேன்...” அவன் முடிக்கவில்லை.

“மொதல்ல எப்பப் போட்டது?”

“சித்திரையில.”

பங்குனியில்தான் அவள் புருசன் வீட்டிலிருந்து திரும்பி வந்திருந்தாள்.

சொர்ணலட்சுமி ஜன்னலுக்குப் போய் நின்றாள். ஆடி மாதம் ஒரு மத்தியானம் நினைவுக்கு வந்தது. வேலை ஓயாத ஒரு நாளில், மதுரையில் பெண்கள் தங்கும் விடுதி ஒன்றின் படங்களை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். சும்மாதான். ஒரு கட்டில், ஒரு மேசை, ஒரு ஜன்னல். அன்று சாப்பிடும்போது அண்ணன் சோற்றைப் பிசைந்துகொண்டே, “மதுரை ஹாஸ்டலெல்லாம் பொம்பளப் பிள்ளைகளுக்குச் சரிப்படாது பாப்பா” என்றார். ஒரு வார்த்தை சொல்லாமலே தன் மனதைப் படித்துவிட்ட அண்ணன்! அன்று அவள் கொல்லையில் நின்று அழுதாள். நம்மைப் புரிந்துகொள்ள ஒருவர் இருக்கிறார் என்ற சந்தோஷத்தில் அழுதாள்.

அந்தக் கண்ணீரைத்தான் இப்போது தாங்க முடியவில்லை.

“அண்ணாச்சிகிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு...”

“எடுங்க,” என்றாள்.

“அவுக மிஷினுங்க.”

“பார்த்தது என்னைய. எடுங்க.”

அவன் எடுத்தான். மூலை வெறுமையாயிற்று.

மறுநாள் காலையில் கீழே இரைச்சல். அண்ணன் தன் அறைத் திரையில் ஒன்றும் வராததைக் கண்டு காளீஸ்வரனை வரவழைத்திருந்தார். மிஷின்காரர்கள், தாள் அடுக்கும் பெண்கள் எல்லோர் முன்னாலும் அவன் சொல்லிவிட்டான். “அந்த அசிங்கம் வந்ததே நீங்க போட்டதுலதான் அண்ணாச்சி. அக்கம்பக்கம் பேசுறது முழுக்க அவுகளத்தான். அவுக மேல ஒரு தப்பும் இல்ல.”

எல்லோர் முன்னாலும் சொன்னதுதான் தப்பாகப் போயிற்று. அண்ணனுடைய முகம் கறுத்தது.

சாயங்காலம் வீட்டில் அவர் குரல் மிகவும் மென்மையாக இருந்தது. அவள் பயந்தது அந்த மென்மைக்குத்தான்.

“பாப்பா, நாளைக்குச் சோலைமலைய வரச் சொல்லியிருக்கேன். அவன் முன்னாடி நீ ஒத்த வார்த்த சொன்னாப் போதும். இந்தப் பயதான் பென் டிரைவப் போட்டு ஏத்தி விட்டான்னு. உன்னையப் பார்க்க வர்றதுக்காகவே திரும்பத் திரும்ப ஏத்தி விட்டான்னு.”

“அவரு வர்றதுக்கு முந்தியே இருந்ததேண்ணே...”

“அதெல்லாம் எவன் கேக்கப் போறான்? நீ சொன்னா நம்புவான்.”

மதினி பக்கத்தில் வந்து தோளில் கை வைத்தாள். “சொல்லிரு சொர்ணம். பழி பூரா அவன் மேல போயிரும். அப்புறம் உன்னையப் பத்தி யாரு பேசுவா? நாளைக்கு உனக்கு ஒரு நல்லது பார்க்கணும்னாலும்...”

உண்மைதான். ஒரு வார்த்தை. மூலையில் சிரித்தவள் அவளுடைய தேடல் இல்லை என்று ஆகிவிடும். பெரியவர்கள் மறுபடி அவள் முகம் பார்த்து டீ குடிப்பார்கள். அண்ணனுக்கு மானம் மிஞ்சும், அவளுக்குப் பெயர் மிஞ்சும். அவன் ஒருவன்தான்... அச்சகம், பட்டாசு ஆபீஸ் என்று இந்த ஊரில் எந்தப் படியும் அப்புறம் அவனை ஏற்றாது. கம்ப்யூட்டரில் கை வைக்க நம்பிக்கைதானே முதல்.

மறுநாளும் மழை. படிக்கட்டுக்கு அடியில், தார்ப்பாய் போர்த்திய காலண்டர் கட்டுகளுக்குப் பக்கத்தில் அவன் நின்றிருந்தான். மேலே சோலைமலையும் அண்ணனும் பேசுகிற குரல் கேட்டது.

“சொல்லிருங்க,” என்றான், அவள் முகத்தைப் பார்க்காமல்.

“என்ன சொல்ல?”

“அண்ணாச்சி என்ன கேக்கப் போறாகன்னு தெரியும். ஆமான்னு சொல்லிருங்க. எனக்கென்ன... ராஜபாளையத்துல சித்தப்பா கட வச்சிருக்காரு.”

“பொய்யா?”

“கட இருக்கு. சித்தப்பாதான் எங்ககூடப் பேச மாட்டாரு.”

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அவனுக்கும்.

“எதுக்கு உங்களுக்கு இந்தப் பழி?” என்றாள். “நான் யாரு உங்களுக்கு?”

தகரக் கூரையில் மழை கொட்டியது. அவன் காலண்டர் கட்டின் மேல் விலகியிருந்த தார்ப்பாயை இழுத்துவிட்டான்.

“மறுபடியும் வந்துருச்சுன்னு ரெண்டாவது தடவ போன் பண்ணீக இல்ல... கடையில அண்ணன் என்னைய அம்புட்டுத் திட்டுதாரு. எனக்கு உள்ளுக்குள்ள சந்தோசம். வேல தெரியாதவன்னு பேரு வாங்குறோம், சந்தோசப்படுறோமேன்னு வழியெல்லாம் என்னைய நானே திட்டிக்கிட்டு வந்தேன்.” இப்போது நிமிர்ந்து பார்த்தான். இமைகளில் மழைத்துளிகள். “உங்களப் பார்க்க வந்தேன்னு அண்ணாச்சி சொல்றதுல பொய் இல்லங்க. அதனால சொல்லிருங்க. உங்க பேரு நல்லா இருக்கட்டும். என்னால தாங்க முடியாதது அது ஒண்ணுதான்.”

எத்தனையோ பேர் அவளுக்கு நல்லது செய்வதாகச் சொல்லி அவளிடமிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டார்கள். இவன் தன்னிடம் இருந்த ஒன்றை எடுத்து நீட்டுகிறான். வாங்கிக்கொள்ளத்தான் எவ்வளவு எளிது... வாங்கிக்கொண்டால், பிறகு தனக்குள்ளே எந்த மூலையில் போய் நின்று தன்னைப் பார்ப்பது?

“பாப்பா!” மேலிருந்து அண்ணன்.

அவள் ஏறினாள். பின்னால் அவன் காலடிச் சத்தம்.

சோலைமலை நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். மாடி அறையில் அவளுடைய மேசைக்குப் பின்னால் அண்ணன். அந்தத் திரை அணைந்திருந்தது. கதவோரம் காளீஸ்வரன் தலை குனிந்து நின்றான்.

“சொல்லு பாப்பா. பென் டிரைவப் போட்டது இவன்தான? நீ பார்த்தேல்ல?”

அவள் அண்ணனைப் பார்த்தாள். காய்ச்சல் வந்தால் இரவெல்லாம் விழித்திருந்து நெற்றிக்குத் துணி போட்டவர். அதே கண்கள்தான் சித்திரையிலிருந்து அவளைப் பார்த்துக்கொண்டும் இருந்தன. இரண்டும் ஒருவரேதான் என்பதுதான் துக்கம். கதவோரம் நிற்கிறவன் அவளுக்கு மட்டும் தெரிகிற மாதிரி மெல்லத் தலையசைத்தான். சொல்லிருங்க.

“இல்லண்ணே.”

“பாப்பா...”

“அவரு போடல. எடுக்கச் சொன்னதும் நான்தான்.” குரல் உயரவில்லை. “நீங்க கேக்குறத நான் சொல்ல மாட்டேன்.”

சோலைமலை ஜன்னலைப் பார்த்தார். அண்ணன் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். அவருடைய குரல் தணிந்து, கெஞ்சுகிற மாதிரி வந்தது.

“சரி. நீ வீட்டுக்குப் போ. மதினி இருக்கா. மத்தத நான் பேசிக்கிறேன்.”

எப்போதும் அந்தச் சொல்லுக்கு அவள் கால்கள் தானாகவே திரும்பிவிடும். இன்று திரும்பவில்லை. தலையை மட்டும் இல்லை என்று அசைத்தாள்.

“பேசுறத என் முன்னாடியே பேசுங்க. இவுக ரெண்டு பேரும் போற வரைக்கும் நான் இங்கனதான் நிப்பேண்ணே.”