விவரிப்பில் வந்தவள்

“மூலையில ஒருத்தியை நிக்க வச்சியே, அவ யாருடி?” என்று அக்கா கேட்டபோது சின்னவள் துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

“எந்த மூலையில?”

“தொடர்லதான். அந்தக் கோபக்கார அப்பன் வீட்டு வரவேற்பறையில. ‘மூலையில் ஒருத்தி நிற்கிறாள்’னு சொன்ன. அதுக்கப்புறம் அவளைப் பத்திப் பேச்சே இல்ல. பாவம், கதை முடியுற வரைக்கும் நின்னுக்கிட்டே இருந்திருப்பா.”

சின்னவளின் கையில் ஒரு தலையணை உறை பாதி மடிப்பில் நின்றது. அப்படி ஒரு வரியை அவள் சொல்லவே இல்லை.

அவளுடைய வேலை இன்னதென்று தெரிந்தால்தான் இது எவ்வளவு விபரீதம் என்று புரியும். அது மக்கள் வரிப்பணத்தில் நடக்கும் பொதுத் தொலைக்காட்சி. ஒளிபரப்பான நிகழ்ச்சிகளை இணையத்தில் ஏற்றி, நேரத்துக்குப் பார்க்க முடியாதவர்கள் வேண்டும்போது பார்த்துக்கொள்ளட்டும் என்று சில வாரங்கள் இலவசமாக வைத்திருக்கும். அந்தத் தளத்தில் படத்துக்குக் கீழே ‘விவரிப்பு’ என்று ஒரு பொத்தான் உண்டு. அதை அழுத்திவிட்டால், பாத்திரங்கள் பேசாத இடைவெளிகளில் ஒரு குரல் வந்து திரையில் நடப்பதைச் சொல்லும். கதவு திறக்கிறது. அவன் கடிதத்தைக் கிழிக்கிறான். குழந்தை படிக்கட்டில் உட்கார்ந்திருக்கிறது. கண் தெரியாதவர்களுக்கான ஏற்பாடு அது. அந்தக் குரல் சின்னவளுடையது.

கண்ணுக்குத் தெரிவதை மட்டுமே சொல்ல வேண்டும். ‘அவள் வருந்துகிறாள்’ என்று சொன்னால் தப்பு. ‘அவள் தலையைக் குனிகிறாள்’ என்றால் சரி. இதைப் பழகிவிடலாம். பழக முடியாதது எதை விடுவது என்பதுதான். இடைவெளி ஒரு மூச்சு நேரம் இருந்தாலே அதிர்ஷ்டம். அதற்குள் கதைக்கு வேண்டியவர்களைச் சொல்லிவிட்டு மற்றவர்களைக் கைகழுவிவிட வேண்டும். பேருந்துக்குக் காத்திருப்பவர்கள், உணவகத்தில் பின்மேசைக்காரர்கள், சாவு வீட்டில் சுவரோரம் நிற்பவர்கள். அப்படி எத்தனையோ பேரை அவள் விட்டிருக்கிறாள். இல்லாத ஒருவரைச் சேர்த்ததில்லை.

தொலைக்காட்சியைப் போட்டு அந்த இடத்துக்கு ஓட்டினாள். கோபக்கார அப்பன் கத்திவிட்டு வெளியேறுகிறான். இசை தேய்கிறது. பிறகு அவளுடைய குரல், அவளுடைய நிதானத்தில்: “மூலையில் ஒருத்தி நிற்கிறாள்.”

திரையின் மூலையில் ஒரு திரைச்சீலையும் நெட்டை விளக்கும்தான் இருந்தன.

திரும்ப ஓட்டிக் கேட்டாள். வரி தொடங்குவதற்கு முன்னால் ஒரு மூச்சு கேட்டது. ஒவ்வொரு வரிக்கும் முன்னால் அவள் இழுக்கும் மூச்சுதான், லேசாக மூக்கில் விசிலடிக்கும். பதிவறையில் ஒலிக்காரர் அதை ஒவ்வொரு முறையும் வெட்டி எறிந்துவிடுவார். இந்த வரியில் வெட்டப்படாமல் இருந்தது.

“ஏதோ பழைய பதிவு கலந்துடுச்சு போல” என்றாள்.

அக்கா முகத்தைத் திருப்பி, அவள் குரல் வந்த பக்கம் கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். அக்காவுக்குப் பார்வை ஒரேயடியாகப் போகவில்லை. ஓரங்களிலிருந்து உள்ளே சுருங்கிச் சுருங்கிப் போனது. அந்த நாட்களில் மருத்துவர் முதல் மாமா வரை எல்லோரும் ‘சரியாயிடும், சரியாயிடும்’ என்று பாடினார்கள். அக்கா தங்கையிடம் மட்டும் ஒரு சத்தியம் வாங்கிக்கொண்டாள். “கண்ணு தெரியாதவகிட்டப் பொய் சொல்றது ரொம்பச் சுலபம்டி. நீயாவது சொல்லாத. என்ன தெரியுதோ அதைச் சொல்லு, போதும்.” அந்தச் சத்தியம்தான் பிற்பாடு சின்னவளுக்குப் பிழைப்பாகவும் ஆனது.

“ம்” என்றாள் அக்கா. நம்பாதபோது அவள் சொல்வது அது.

மறுநாள் ஒலிக்காரர் கோப்பைத் திறந்து காட்டினார். சன்னல் இல்லாத அறை. சுவரெல்லாம் கருப்பு நுரைப்பஞ்சு. குரல் இருக்கும் இடத்தில் அலை முள்ளம்பன்றி போலச் சிலிர்த்துக்கொண்டு நிற்கும், இல்லாத இடத்தில் கோடு தட்டையாகக் கிடக்கும். ‘மூலையில் ஒருத்தி’ வர வேண்டிய இடத்தில் கோடு தட்டையாகக் கிடந்தது.

“பாருங்க, செத்த நாடி மாதிரி இருக்கு. உங்க குரல் எனக்கு என் வீட்டுக்காரி குரலைவிடப் பழக்கம். ஒரு முனகல் இருந்தாலும் விட மாட்டேன்.”

“நான் கேட்டேன். அக்காவும் கேட்டாங்க.”

“அப்ப எப்படின்னு யோசிப்போம்” என்று நாற்காலியை அருகே இழுத்துக்கொண்டார். விளக்கிச் சொல்வதில் அவருக்குத் தனி ருசி. “படம் ஒரு கோப்பு. வசனமும் இசையும் இன்னொண்ணு. விவரிப்பு மூணாவது. நாம மூணையும் தனித்தனியாத்தான் அனுப்புறோம். நீங்க பொத்தானை அழுத்தினதும் உங்க வீட்டுப் பெட்டிதான் மூணையும் கலக்குது. சமையல் இங்க, பிசையுறது அங்க. இங்க இருக்கறதுல இல்ல. மத்த வீடுகள்ல இருந்து புகாரும் இல்ல, அதனால வழியிலயும் இல்ல. அப்படின்னா…”

கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடியும் மாட்டினார்.

“கொஞ்ச நாளைக்கு விவரிப்பை அணைச்சிட்டுக் கேக்கச் சொல்லுங்களேன்.”

வீட்டில் அதைச் சொன்னபோது அக்கா சிரித்தாள். “பூனை கண்ணை மூடிக்கிட்டா உலகம் இருண்டுடாது. இது என்னைவிட நல்லா யாருக்குத் தெரியும்? எனக்கு இருக்கற ஒரே சன்னல் அது. எவளோ நிக்கிறான்னு நான் சாத்தணுமா? அவ போகட்டும்.”

அவள் போகவில்லை. காட்டு விலங்குகளைப் பற்றிய படத்தில், புல்வெளியில் மான்கள் மேய்ந்துகொண்டிருந்தபோது, சின்னவளின் குரல் அமைதியாகச் சொன்னது: “மான்களுக்கு நடுவில் ஒருத்தி நிற்கிறாள்.” திரையில் மான்களும் காற்றும் மட்டும். வானிலை அறிக்கையில் வரைபடத்துக்குப் பக்கத்தில் நின்றாள். குழந்தைகளின் பொம்மை நிகழ்ச்சியில், பொம்மைகள் தூங்கிய பிறகு, மேடையின் முன்விளிம்புக்கு வந்திருந்தாள். ஒவ்வொரு தடவையும் சின்னவள் வேலை முடிந்து வந்ததும் அக்கா அன்றைய செய்தியைச் சொல்வாள், பக்கத்து வீட்டுக்காரியைப் பற்றிச் சொல்வதுபோல.

“இன்னிக்குத் திரும்பிட்டாளாம். ‘அவள் நம்மைப் பார்க்கிறாள்’னு சொன்ன.”

“நான் சொல்லல அக்கா.”

“தெரியும். உன் குரலை எடுத்துக்கிட்டிருக்கா. அதுதான் எனக்கு எரியுது. திருடறவ வேற எவ குரலையாவது திருடியிருக்கக் கூடாதா?”

சின்னவளுக்கு எரிச்சல் வரவில்லை, பயம்தான் வந்தது. வீட்டில் ஒரு வாடை சேர ஆரம்பித்திருந்தது. முதலில் சமையலறை வாசலில் மட்டும், பிறகு நடையில், பிறகு அக்காவின் நாற்காலிக்குப் பின்னால் இருந்த சுவரோரத்தில், பலபேர் வாய் வைத்துப் பேசிய ஒலிவாங்கியின் பஞ்சு உறையில் வரும் அந்த ஈரமான, பழைய மூச்சின் வாடை. அலுவலகத்திலிருந்து தன் சட்டையில் ஒட்டிக்கொண்டு வருகிறதோ என்று நினைத்தாள். சட்டையை மாற்றினாள். துவைத்தாள். வாடை அங்கேயே இருந்தது.

ஒருநாள் பதிவறையில், வேலைக்கு நடுவே, ஒலிவாங்கியை நோக்கி விவரிப்பில் இல்லாத ஒன்றைச் சொன்னாள். “யாரா இருந்தாலும் சரி, என் அக்காவை விட்டுடு. இது என் குரல். என் வாய்.”

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிக்காரர் தலையை நிமிர்த்தினார். திட்டவில்லை. அலையைப் பார்த்தார். அவள் பேசி முடித்த பிறகும் சிறிது நேரம் முட்கள் சிலிர்த்துக்கொண்டே இருந்தன.

“இன்னிக்கு வீட்டுக்குப் போங்கம்மா” என்றார்.

மழை பிடித்துக்கொண்டது. மாலைக்கு முன்பே தெரு விளக்குகள் எரிந்தன. மாடிப்படியின் சுவர்கள் வியர்த்திருந்தன. மேல்வீட்டில் யாரோ பாத்திரம் கழுவும் சத்தம், கீழே குடை உதறும் சத்தம், தண்ணீர்க் குழாய்க்குள் மழை இறங்கும் சத்தம், இவை எல்லாவற்றுக்கும் நடுவே, அவர்களுடைய கதவுக்கு உள்ளேயிருந்து, அவளுடைய சொந்தக் குரல் கேட்டது. வசனம் இல்லை. இசை இல்லை. அந்தக் குரல் மட்டும்.

“சுவரோரம் ஒரு அலமாரி. சாய்வு நாற்காலியில் ஒருத்தி அமர்ந்திருக்கிறாள். மடியில் கம்பளிப் போர்வை. அவளுக்குப் பின்னால் ஒருத்தி நிற்கிறாள். வெளியே படியில் யாரோ நிற்கிறார்கள். சாவியைத் தேடுகிறார்கள்.”

சாவி கையில்தான் இருந்தது. துளையைத்தான் காணோம். தடவித் தடவிச் சாவியை உள்ளே நுழைத்தாள். கதவு திறந்தது.

அக்கா நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். தொலைக்காட்சி கருப்பாக இருந்தது. அதன் சிறு சிவப்பு விளக்குகூட எரியவில்லை.

“அதை அணைச்சு ரொம்ப நேரம் ஆச்சு” என்றாள் அக்கா. “வந்துட்டியா?”

“வந்துட்டேன்.”

“நீதானே?”

“நான்தான் அக்கா.”

“அவளும் இதேதான் சொன்னா. என்னைத் திட்டு பார்ப்போம்.”

“என்ன?”

“திட்டுடி.”

“பிடிவாதம் பிடிச்ச கழுதை. அன்னிக்கே அணைன்னு தலையில அடிச்சுக்கிட்டேன், கேட்டியா?”

அக்காவின் தோள்கள் தளர்ந்தன. “நீதான். அவளுக்குத் திட்டத் தெரியல. பார்த்ததை மட்டும்தான் சொல்றா.”

“எழுந்திரு. போயிடலாம்.”

“எங்க? கண்ணு போனப்பவே நான் இந்த வீட்டை விட்டுப் போகல.” அக்காவின் தலை நிமிர்ந்தே இருந்தது. “என் பின்னாடி என்ன இருக்கு? சொல்லு.”

சின்னவள் பார்த்தாள். சுவர். சன்னல் வெளிச்சம். மழையின் நிழல் சுவரில் ஓடுவது.

“ஒண்ணும் இல்ல.”

“என் தோள்ல பாரம் இருக்குடி. சரியாப் பாரு. சத்தியம் ஞாபகம் இருக்கில்ல?”

அக்காவின் இடது தோளில் போர்த்தியிருந்த பருத்தித் துணி அமுங்கியிருந்தது. மேலே எதுவும் இல்லை. துணி மட்டும் நீளவாக்கில், வரிவரியாக, உள்ளே பதிந்திருந்தது.

ஒண்ணுமில்லை என்று சொல்லிவிடலாம். அக்காவின் கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு ஓடலாம். அப்படிச் செய்தால் இனி எந்த வீட்டில் உட்கார்ந்து எதைச் சொன்னாலும் அக்கா ‘ம்’ என்றுதான் சொல்வாள்.

“துணி அமுங்கியிருக்கு” என்றாள். “விரல் மாதிரி. நாலு விரல்.”

அவள் சொன்னதும் விரல்கள் தெரிந்தன.

“அப்புறம்?”

“நகம் வெட்டல. மணிக்கட்டு மெலிசு. சாம்பல் நிறத்துல சட்டைக் கை.” சொல்லச் சொல்ல அவை வந்தன. சொல்லாத இடத்தில் இன்னும் சுவர் தெரிந்தது. நிறுத்தலாமா. நிறுத்தினால் கை மட்டும் அங்கே இருக்கும்.

“நிறுத்தாத” என்றாள் அக்கா. பிறகு தலையைச் சற்றே பின்னால் சாய்த்து, “இத்தனை நாளா நிக்கிறியே, கால் வலிக்கலையா உனக்கு?” என்று கேட்டாள். பிறகு தங்கையிடம், சின்ன வயதிலிருந்து கூப்பிடும் பெயரில்: “முகம், வாயாடி. முகத்தைச் சொல்லு.”

“முடி விழுந்திருக்கு. முகம் தெரியல. வாய் தெரியுது.”

“வாய்?”

“அசையுது.”

அவளுடைய வாயோடு சேர்ந்து அசைந்தது. ‘அசையுது’ என்றபோது அந்த உதடுகளும் ‘அசையுது’ என்றன. இல்லை. ஒரு நூலிழை முன்னால்.

சின்னவள் வாயை மூடினாள். பயத்தில் இல்லை. சோதித்துப் பார்க்க.

அந்த உதடுகள் நிற்கவில்லை.

“தங்கை வாயை மூடுகிறாள்” என்றது அவளுடைய குரல். முன்னால் அந்த மூச்சு, அந்த விசில். “அவளால் திறக்க முடியவில்லை.”

திறக்க முடியவில்லை. உதடுகள் ஒட்டிக்கொண்டிருந்தன. தாடை இறங்கியது, தோல் இழுபட்டது, வாய் திறக்கவில்லை.

“வாயாடி?” என்றாள் அக்கா. “சத்தத்தைக் காணோம். நீ எங்க இருக்க?”

“உன் பக்கத்துல” என்றது குரல்.

அக்கா தலையை ஆட்டினாள். “உன்னைக் கேக்கல.”

சின்னவள் நடந்தாள். பேச்சுதானே போயிற்று. கால் இருந்தது. கை இருந்தது. நாற்காலிக்கு முன்னால் மண்டியிட்டு, அக்காவின் கையைத் தன் கன்னத்தில் ஒரு கணம் வைத்தாள். அக்காவின் விரல்கள் அவள் வாய்மேல் ஓடின. ஓட்டம் நின்றது. புரிந்துகொண்டன.

“சரி” என்றாள் அக்கா மெதுவாக. “நான் நகர மாட்டேன். நீ செய்ய வேண்டியதைச் செய்.”

தோளில் இருந்த அந்தக் கையைச் சின்னவள் பிடித்தாள். ஈரம். மூச்சின் சூடு. ஒரு விரலைப் பிடித்து, முழு பலத்தையும் போட்டு, பின்னால் வளைத்து நிமிர்த்தினாள். வந்தது.

“தங்கை ஒரு விரலைப் பிரிக்கிறாள்” என்றது அவளுடைய குரல், அவள் காதுக்கு மிக அருகில்.

இரண்டாவது. மூன்றாவது. நான்காவது விரல் எலும்பு நெரிபடும் சத்தத்தோடு நிமிர்ந்தது. துணி இன்னும் அமுங்கியே இருந்தது. அவள் ஐந்தாவதைப் பிடித்தாள். நிமிர்த்தினாள். அதற்குக் கீழே அடுத்தது இருந்தது. அதையும் நிமிர்த்தினாள். அதற்கும் கீழே, அக்காவின் தோளை விடாமல் பற்றிக்கொண்டு, வரிசையாக.