ஓடையில் கவிழ்ந்த வண்டியின் கேபிள்

முள்ளக்காட்டைத் தாண்டிய கொஞ்ச நேரத்தில் வைப்பர் தானாக ஓடத் தொடங்கியது.

வைகாசி வெயில். மணி மூன்றேகால். கண்ணாடியில் ஒரு சொட்டு ஈரம் கிடையாது. காய்ந்த ரப்பர் காய்ந்த கண்ணாடியில் கரகரவென்று உரசிப் போய் வந்தது. ஈவாஞ்சலின் சுவிட்சைத் தொட்டுப் பார்த்தாள். அது அணைந்துதான் இருந்தது.

கேபிள் மாற்றியதில் ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொண்டாள். காலையில் அப்பாவைத் தூத்துக்குடியில் டயாலிசிஸ் செய்ய இறக்கிவிட்டு வண்டியை எடுத்தபோது, சாவியைத் திருப்பியதும் 'டக்' என்ற ஒற்றைச் சத்தத்தோடு எல்லாம் அடங்கிப்போனது. பக்கத்துத் தெரு மெக்கானிக் ஃபிராங்க்ளின் வந்து பானெட்டைத் தூக்கினான். பேட்டரி முனையில் பச்சையாகக் களிம்பு பூத்திருந்தது. கேபிளை மடக்கியதும் உள்ளே இருந்த செம்புக் கம்பி பொடியாக உதிர்ந்தது.

"உப்புக் காத்து தின்னுட்டுக்கா. இந்த மாடலுக்குப் புதுசு மதுரையில இருந்துதான் வரணும். ரெண்டு நாளாவும்."

"அப்பாவ இன்னைக்கே ஆறுமுகநேரி கொண்டு போவணும் தம்பி. பஸ்ஸுல அவரால உக்கார முடியாது."

"கடைக்குப் பின்னால பிரிச்சுப் போட்ட வண்டி ஒண்ணு கெடக்கு. அதுல உள்ளதக் கழத்தி மாட்டிருதேன்."

கட்டைவிரல் பருமனில் கறுப்பாக, முழ நீளத்துக்கு ஒரு கேபிளைக் கொண்டுவந்தான். மாட்டுவதற்கு முன் அதைத் துணியால் துடைத்தான். துணி நனைந்தது. மறுபடி துடைத்தான். மறுபடி நனைந்தது. எண்ணெயாக இருக்கும் என்று விட்டுவிட்டாள். வண்டி ஒரே திருப்பில் கிளம்பியதும் அதை மறந்தும் போனாள்.

இப்போது சாலையின் இரண்டு பக்கமும் உப்பளம். பாத்திபாத்தியாகத் தேங்கிய நீரிலும் வரப்போரம் குவித்த உப்பிலும் பட்டுத் தெறித்த வெயில் கண்ணைக் கூச வைத்தது. அந்த வெளிச்சத்துக்குள் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை ஓர் ஆள் இல்லை. ஏற்றிவிட்ட கண்ணாடிகளுக்குள்ளே சேற்று வாடை மெல்லப் பரவியது. நாள்பட்ட பாசியும் துருவும் கலந்த, கிணறு தூர்வாரும்போது எழும் வாடை.

பின்சீட்டில் சாய்ந்திருந்த அப்பா எஸ்றா கண்ணைத் திறக்காமலே சொன்னார். "ஏளா, காலு நனையுது."

"ஏசி தண்ணியா இருக்கும்ப்பா."

ஒரு கையைப் பின்னால் நீட்டிக் கால்மிதியைத் தடவினாள். காய்ந்து கிடந்தது. அப்பாவின் பாதத்தைத் தொட்டாள். ஈரம். பனிக்கட்டி போலச் சில்லிட்ட பாதம்.

ஏசியை அணைத்துவிட்டுக் கண்ணாடியை இறக்கும் பொத்தானை அழுத்தினாள். இறங்கவில்லை. நான்கு கதவுகளும் ஒரே சமயத்தில் பூட்டிக்கொண்டன. விடுவித்தாள். பூட்டிக்கொண்டன. மறுபடி விடுவித்தாள். யாரோ அவள் விரலுக்காகவே காத்திருந்து பூட்டுவது போல இருந்தது.

வண்டியை ஓரம்கட்டிச் சாவியை உருவினாள். என்ஜின் நின்றது. வைப்பர் நிற்கவில்லை.

ஃபிராங்க்ளினைப் போனில் அழைத்தாள்.

"தம்பி, அந்தக் கேபிள எந்த வண்டியில எடுத்த?"

 "வண்டியில யாருக்கா இருக்கா?" என்றான்.

"நானும் அப்பாவும்."

"மொதல்ல ரெண்டு பேரும் எறங்குங்க. பொறவு பேட்டரி நட்டக் கழத்தி விட்ருங்க. பத்தாம் நம்பர் ஸ்பேனர் போதும்."

"நான் கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"போன மழையில ஓடைக்குள்ள கவுந்த வண்டிக்கா. தண்ணி பட்டதும் கதவு லாக்காயிட்டு. உள்ள இருந்தவங்க ஒருத்தரும் வெளிய வரல. ஹாரன மட்டும் அடிச்சிக்கிட்டே இருந்துருக்காங்க. வண்டி முங்குன பொறவும் சத்தம் கேட்டுச்சாம்." அவன் குரல் தாழ்ந்தது. "எல்லாத்தையும் கழுவித்தான் போட்டேன். தப்புதான்க்கா."

டேஷ்போர்டிலிருந்த ஸ்பேனரை எடுத்தாள். பானெட் லிவரை இழுத்தாள்.

"ஒரு நிமிசம்ப்பா. உங்களத் தூக்கி எறக்கிருதேன்."

"தண்ணி வந்துட்டுளா," என்றார் எஸ்றா. தூக்கத்தில் பேசுகிறவர் போல நிதானமாக. "முட்டளவு வந்துட்டு."

அவளுடைய கதவு தொட்டதும் திறந்தது. அத்தனை எளிதாகத் திறந்தது. இறங்கிப் பின்கதவை நோக்கி இரண்டடி வைப்பதற்குள் அவள் இறங்கிய கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

டக்.

பின்கதவின் பிடியை இழுத்தாள். வரவில்லை. மறுபக்கம் ஓடினாள். அதுவும் வரவில்லை. சாவியைத் துவாரத்தில் விட்டுத் திருப்பினாள். சுற்றிக்கொண்டே போனது. ஸ்பேனரால் கண்ணாடியில் அடித்தாள். கீறல்கூட விழவில்லை. கண்ணாடி உள்ளிருந்து வெள்ளையாகப் பூத்து மூடியது. அப்பாவின் முகம் மறைந்தது.

மின்சாரத்தை அறுத்தால் திறக்கும். திறந்துதான் ஆக வேண்டும்.

பானெட்டைத் தூக்கினாள்.  ஸ்பேனர் இரண்டு தடவை வழுக்கியது. நட்டு இளகியது. கேபிளைப் பிடித்து முழுப் பலத்தோடு உருவினாள். கையோடு வந்தது. அதன் முனையிலிருந்து சேற்றுத் தண்ணீர் அவள் மணிக்கட்டில் வழிந்து முழங்கைக்கு ஓடியது.

வைப்பர் நின்றது.

காற்று நின்றது.

ஹாரன் அடித்தது.

விட்டுவிட்டு. மெதுவாக. ஆழத்திலிருந்து.

"அப்பா."

கேபிளைக் கீழே போட்டுவிட்டுப் பின்கண்ணாடிக்கு ஓடினாள். வெள்ளை கரைந்திருந்தது. உள்ளே தெளிவாகத் தெரிந்தது. கூரை வரை தண்ணீர். கதவிடுக்கில் ஒரு சொட்டுக் கசிவு இல்லை. டயருக்கு அடியில் தரை பாளம்பாளமாக வெடித்துக் காய்ந்து கிடந்தது.

எஸ்றாவின் வெள்ளைச் சட்டை பொங்கி விரிந்து மிதந்தது. கண்கள் திறந்திருந்தன. அவளையே பார்த்தன. ஊசித் தழும்புகள் ஏறிய அவர் கை கண்ணாடியில் வந்து பதிந்தது. ஈவாஞ்சலின் வெளியிலிருந்து அதன்மேல் தன் கையை வைத்தாள்.

அவருக்குப் பின்னாலிருந்து இன்னொரு கை நீண்டது. சின்னஞ்சிறு கை. மணிக்கட்டில் ஒற்றை ரப்பர் வளையல். அது அவர் விரல்களைக் கண்ணாடியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துவிடத் தொடங்கியது.