பினாங்கில் உருவிய வாள்

டிர்ர்ர்ங்...!

மேசையில் இருந்த டெலிபோன் அலறியது.

சுலோஜனா ரிசீவரை எடுத்தாள். ஹம்பேர்க்கில் ஒரு பழைய ஏலக் கம்பெனியில் அவளுக்கு வேலை. ஏலத்துக்கு வரும் சாமான் முன்பு யார் கையில் இருந்தது, நேர்வழியில் வந்ததா, திருட்டா என்று தோண்டித் துருவுவதுதான் தொழில்.

மறுமுனையில் ஒரு கிழட்டு ஜெர்மன் குரல். மூச்சு இரைத்தது.

"அந்த ஜப்பானிய வாளை ஏலத்தில் விடாதீர்கள்!"

"யார் பேசுகிறீர்கள்?"

"லூடர்ஸ். அந்த வாள் வந்த நீர்மூழ்கிக் கப்பலில் நானும் வந்தேன். உங்களுக்குச் சொல்லியிருப்பது பொய்க் கதை. முழுப் பொய்!"

சுலோஜனா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அப்போ உண்மை...?"

"போனில் வேண்டாம். நாளைக்குப் பின்னேரம் வாருங்கள்." ஆல்டோனாவில் ஒரு தெருப் பெயரும் வீட்டு இலக்கமும் சொன்னார். "அரசாங்க வக்கீலுக்கும் சொல்லிவிட்டேன். இவ்வளவு காலம் பொத்தி வைத்த வாய். சாகிறதுக்கு முன்னால் திறக்கப் போகிறேன்!"

டொக். வைத்துவிட்டார்.

சுலோஜனா திரும்பிப் பார்த்தாள். கண்ணாடி அலுமாரிக்குள் அந்த வாள் படுத்திருந்தது. கறுப்பு உறை. பிடியில் சுறாத்தோல். பொன்னிறத்தில் செர்ரிப் பூக்கள். பார்த்தால் கல்யாண வீட்டுச் சாமான் போல அத்தனை அழகு!

விற்கக் கொண்டுவந்தவன் கொன்றாட் ஃபேலிங். அவனுடைய அப்பா, கப்டன் ஃபேலிங், தொண்ணூறு தாண்டி பிளாங்கனேசப் பகுதியில் பெரிய வீட்டில் படுத்த படுக்கை. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் மலாயாவின் பினாங்கில் ஜப்பான்காரர்களும் ஜெர்மன் நீர்மூழ்கிகளும் ஒரே துறைமுகத்தில் நின்றார்கள். அங்கே ஒரு ஜப்பானியக் கடற்படை அதிகாரி கப்டனுக்கு நட்போடு கொடுத்த பரிசு இது. ஒரு துளி ரத்தமும் பார்க்காத வாள்...

கொன்றாட் சொன்ன கதை அதுதான்.

டுசல்டோர்ஃபில் இருக்கும் ஜப்பானிய நிபுணர் ஒருவர் பிடியில் பொறித்த எழுத்தைப் படித்துச் சொன்னார். 'நண்பர் ஃபேலிங்குக்கு, பினாங்.' அதுவரை சரி. பிறகு வாளை உருவிப் பார்த்தவர், கூர்ப்பக்கத்தில் சின்னதாய் உடைந்திருந்த ஓர் இடத்தில் விரலை வைத்தார்.

"சுவரில் தொங்கிய வாளுக்கு இப்படி வராது."

"எதில் பட்டால் வரும்?"

"எலும்பில்!"

* * *

அன்று பின்னேரம் வேலை முடிந்ததும் சுலோஜனா நேரே போனது ஹவுப்ட்பான்ஹோஃப் ரயில் நிலையத்தின் பக்கத்தில் இருக்கும் கதிர்காமநாதன் அண்ணையின் கடைக்கு. ஹம்பேர்க் தமிழ்ச் சனத்துக்குக் கத்தரிக்காயும் கருவேப்பிலையும் அங்கேதான். அவருக்கு எழுபது வயது. பிறந்தது பினாங்கில். அது அவளுக்குத் தெரியும்.

"அண்ணை, பினாங்கில ஜெர்மன்காரர் நின்டவையோ? உங்களுக்கு ஞாபகம் இருக்கோ?"

தராசில் வெங்காயம் கொட்டிக்கொண்டிருந்த கை நின்றது.

"ஏன் பிள்ளை கேக்கிறீர்?"

சொன்னாள். வாள், கப்டன், கூரில் உடைவு, லூடர்ஸின் டெலிபோன். எல்லாவற்றையும் ஒரே மூச்சில்.

கதிர்காமநாதன் கதிரையைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தார்.

"என்ர அப்பா அங்க துறைமுகத்தில கிளாக்கர், கணக்கு எழுதினவர். ஒளிச்சு வைச்சு ரேடியோ கேட்டவர் எண்டு ஜப்பான்காரன் பிடிச்சுக்கொண்டு போனவன். நான் சின்னப் பெடியன்."

"பிறகு?"

"அம்மாட்ட அவற்ற சட்டையைத் தந்தாங்கள். ஆளைத் தரேல்ல."

அவர் மடியில் சிந்திய வெங்காயத் தோலைத் தட்டிவிட்டார்.

"வெட்டினது ஜப்பான்காரன் இல்லை, ஒரு வெள்ளைக்காரன் எண்டு துறைமுகத்துச் சனம் சொன்னது. ஆரும் நம்பேல்ல. நானும் நம்பேல்ல."

"நாளைக்கு நீங்களும் வாங்கோ அண்ணை! லூடர்ஸையே கேப்பம்." வீட்டு விலாசத்தைச் சொன்னாள்.

அவர் தலையை ஆட்டினார்.

"ஏலாது பிள்ளை. நீர் போய்க் கேட்டுக்கொண்டு வாரும்."

* * *

மறுநாள். ஆல்டோனா. மூன்றாம் மாடி.

கதவு சாத்தவில்லை!

"ஹெர் லூடர்ஸ்...?"

பதில் இல்லை.

தள்ளினாள். கால் வைத்தாள்.

வீல்ல்ல்...!

அலறியது தன்னுடைய குரல்தான் என்று அவளுக்கே பிறகுதான் புரிந்தது.

ஜன்னலுக்குக் கீழே, ஹீட்டரின் இரும்பு விளிம்பில் தலை சாய்ந்தபடி ஒரு கிழவர். கண் திறந்திருந்தது. வாயும் திறந்திருந்தது... சொல்ல வந்ததைச் சொல்லாமலே!

பொலிஸ் வந்தது. இன்ஸ்பெக்டர் பீட்டர்ஸ். நரைத்த கூந்தலைக் குட்டையாக வெட்டிய பெண்மணி. அறையை ஒரு சுற்று சுற்றினாள்.

"கால் இடறி விழுந்திருக்கலாம். யாராவது தள்ளியும் இருக்கலாம். பூட்டு உடையவில்லை. ஒன்றும் திருட்டுப் போகவில்லை."

"இவர் வாய் திறந்தால் ஒருத்தருக்குத்தான் ஆபத்து, மேடம்! கப்டன் ஃபேலிங். அவருடைய மகனைப் பிடியுங்கள்!"

"கொன்றாட் ஃபேலிங்கா? விசாரிக்கிறேன்."

விசாரித்தாள். மறுநாள் ஏலக் கம்பெனிக்கே வந்து சுலோஜனாவிடம் சொன்னாள்.

"அவன் இல்லை. கப்டனுக்கு நெஞ்சுவலி. முந்தாநாள் ராத்திரியிலிருந்து மகன் அவருடைய கட்டிலை விட்டு நகரவில்லையாம். டொக்டரும் நர்ஸும் சாட்சி."

சுலோஜனா கதிரையை இழுத்துப் போட்டாள்.

"லூடர்ஸ் அரசாங்க வக்கீலிடம் போனில் என்ன சொன்னார்?"

பீட்டர்ஸ் குரலைத் தாழ்த்தினாள்.

"பினாங்கில் ஒரு விருந்து. ஜப்பானிய அதிகாரி வாளைப் பரிசாகக் கொடுத்தார். இதன் கூரைச் சோதித்துப் பாருங்கள் என்று ஒரு கைதியையும் கொண்டுவந்து முழங்காலில் இருத்தினார். கப்டன் சிரித்துக்கொண்டே வாளை வாங்கினாராம். கைதியின் கையைப் பிடித்தது லூடர்ஸ். அப்போது அவர் பத்தொன்பது வயசுப் பொடியன்."

"வெட்டினது...?"

"கப்டன்."

"போதுமே! பிடியுங்கள் அந்தாளை! கொலைக்கு இந்த நாட்டில் காலக்கெடு இல்லையே!"

"கெடு இல்லைதான். சாட்சியும் இல்லை! போனில் பேசிய குரலைக் கூண்டில் ஏற்ற முடியாது. அந்த மனுஷன் நேரில் வந்து சொல்லியிருக்க வேண்டும்."

அன்று மத்தியானம் கொன்றாட் தானே வந்தான். பளபளவென்று மினுக்கிய சப்பாத்து.

"கிழவன் உங்களிடம் என்ன சொன்னான்?"

"சொல்வதற்கு முன்னால் செத்துப்போனார்."

"அப்படியானால் சொல்ல ஒன்றுமில்லை." சிரித்தான். "ஏலம் குறித்தபடி நடக்கட்டும்."

சுலோஜனா மேலாளரின் அறைக்கு ஓடினாள். கெஞ்சினாள். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். "திருட்டுப் பொருள் இல்லையே? பிறகென்ன?" என்றார். அவ்வளவுதான்!

கண்ணாடி அலுமாரிக்குள் செர்ரிப் பூக்கள் மினுங்கின. எல்லாம் தெரியும். ஒன்றும் செய்ய ஏலாது.

* * *

கதிர்காமநாதன் அண்ணைக்கு எப்படிச் சொல்வது?

கடை வாசலில் நின்று யோசித்தாள். பிறகு உள்ளே போனாள். கடையில் வேறு யாருமில்லை.

"அண்ணை... லூடர்ஸ் செத்துப்போனார்."

அவர் தலை நிமிரவில்லை. கத்தரிக்காய்களை ஒவ்வொன்றாய் எடுத்து அடுக்கினார்.

"ஓம் பிள்ளை. வயசு போன மனுசன். அந்த ஹீட்டரும் பழைய இரும்பு. மண்டையில பட்டா..."

அப்படியே நின்றது பேச்சு.

சுலோஜனா ஓர் அடி பின்னால் வைத்தாள்.

"அண்ணை... நான் ஹீட்டர் எண்டு சொல்லேல்லையே?"

ஒரு கத்தரிக்காய் கைதவறி உருண்டது. அவர் குனிந்து எடுக்கவில்லை.

"விடியவே போனனான் பிள்ளை. உமக்கு முந்தி நான் பாக்க வேணும் எண்டு நெஞ்சு அடிச்சுக்கொண்டுது. துறைமுகக் கிளாக்கரின்ர மகன் எண்டு சொன்னன். அந்தாள் என்னைப் பார்த்துப் போட்டு அழுதுது."

"என்ன சொன்னவர்?"

"உம்மட அப்பா கண்ணாடி போட்டவர்தானே எண்டு கேட்டுது. வெட்ட முந்தி அப்பா கண்ணாடியைக் கழட்டி, மடிச்சு, அந்தாளின்ர கையில குடுத்தவராம். உடையாமல் பாத்துக்கொள் எண்டு சைகை காட்டினவராம்." அவர் தன் கைகளை விரித்துப் பார்த்தார். "பிறகு சொல்லிச்சு, நான்தான் அவற்ற கையைப் பிடிச்சனான் எண்டு."

"அண்ணை..."

"தள்ளினன். ஒரு தள்ளு. அவ்வளவுதான். மிச்சம் என்ன சொல்ல வந்ததோ... கேக்க எனக்குப் பொறுமை இல்லாமல் போச்சு."



"மிச்சம்தான் அண்ணை முக்கியம்! வெட்டினது கப்டன் ஃபேலிங். இப்பவும் உயிரோட இருக்கிறார். அதைக் கோர்ட்டில வந்து சொல்லத்தான் லூடர்ஸ் ஆயத்தமா இருந்தவர். அவர் ஒருத்தர்தான் சாட்சி!"

கதிர்காமநாதன் அவளையே பார்த்தார். பிறகு அரிசி மூட்டையில் மெல்லச் சரிந்தார்.

"அப்பாவைக் கொன்றவனை... நான் காப்பாத்திப் போட்டனோ?"

வாயை மூடிக்கொண்டால் இது கால் இடறிய விபத்து. அண்ணையும் தப்பலாம், கப்டனும் தப்பலாம். வாயைத் திறந்தால்...? எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்!

அவர்தான் முதலில் எழுந்தார். முகத்தைக் கழுவிவிட்டு வந்தார்.

"போனை எடும் பிள்ளை. பொலிசைக் கூப்பிடும்."

"யோசிச்சுத்தான் சொல்லுறியளோ?"

"ஓம். என்னைக் கோர்ட்டில ஏத்தினா ஏன் தள்ளினனி எண்டு கேப்பாங்கள். கேட்டா அப்பாவின்ர பேரைச் சொல்லுவன். கப்டனின்ர பேரையும் சொல்லுவன். பிறகு அவரைக் கூப்பிட்டு விசாரிக்கத்தானே வேணும்? கட்டிலோட எண்டாலும் தூக்கிக்கொண்டு வரட்டும்!"

சுலோஜனாவுக்குக் கண் கலங்கியது. இலக்கங்களை அழுத்தினாள்.

இன்ஸ்பெக்டர் பீட்டர்ஸ் தனியாகத்தான் வந்தாள். கதிர்காமநாதன் ஒன்றையும் மறைக்காமல், நின்றபடியே தன் ஜெர்மனில் சொல்லி முடித்தார். கடைசியில் கேட்டார்.

"கப்டன் ஃபேலிங் கோர்ட்டுக்கு வருவார்தானே, மேடம்?"

பீட்டர்ஸ் கையுறையைக் கழற்றினாள். மறுபடி மாட்டினாள்.

"இங்கே வரும் வழியில்தான் பொலிஸ் ரேடியோவில் சொன்னார்கள்." அவள் தரையைப் பார்த்தாள். "இன்று பின்னேரம்... தூக்கத்திலேயே போய்விட்டார். வலி ஒன்றும் இல்லையாம்."

சுலோஜனா கைகளால் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

வெளியே பொலிஸ் காரின் நீல விளக்கு சுழன்றது. கதிர்காமநாதன் கடை விளக்குகளை ஒவ்வொன்றாய் அணைத்தார். கோட்டை மாட்டினார். சாவியை அவளுடைய கையில் வைத்தார்.

"பாத்தீரோ பிள்ளை... ஜெர்மனியில எதுக்கும் டெர்மின் வேணும், முன்கூட்டியே நாள் நேரம் குறிச்சு வாங்க வேணும். கப்டன் மேல போறதுக்கும் டெர்மின் எடுத்து வைச்சிருக்கு. நான்தான் விசரன்... டெர்மின் இல்லாமல் போய் வேற கதவைத் தட்டிப்போட்டன்!"